நெதர்லாந்துக்காரர்கள் எப்படி ‘டச்சுக்காரர்கள்’ ஆனார்கள்?

கேள்வி இது: நாட்டின் பெயர் நெதர்லாந்து. சிலர் ஹாலந்து என்கிறார்கள். அங்கே வாழ்பவர்களை மட்டும் ஏன் டச்சுக்காரர்கள் என்கிறோம்? ஜெர்மானியர்கள் தங்களை ‘டாய்ச்’ என்றுதானே சொல்லிக்கொள்கிறார்கள், அதை ஆங்கிலேயர்கள் தவறாகக் காதில் வாங்கிப் பக்கத்து நாட்டுக்காரர்களுக்குச் சூட்டிவிட்டார்களா? நம் பழைய புத்தகங்களில் வரும் ‘ஒல்லாந்தர்’ யார்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தரும் டச்சுக்காரரும் ஒரே ஆட்கள்தான். அந்தப் பெயர் வந்த வழியைப் பின்னால் பார்ப்போம்.

தவறாகக் காதில் வாங்கிய கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. ‘டச்சு’, ‘டாய்ச்’ இரண்டும் ஒரே சொல்லின் இரு உச்சரிப்புகள். நெதர்லாந்துக்காரர்களே நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் மொழியை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பிற்பாடு அவர்கள் அதை விட்டுவிட்டார்கள், ஆங்கிலம் விடவில்லை. இது புரிய வேண்டுமானால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பழைய ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் மூலமான மொழியில் ‘தெயுதோ’ என்று ஒரு சொல் இருந்தது. மக்கள், குலம், கூட்டம் என்று பொருள். இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் இதற்குச் சொந்தங்கள் நிறைய. லித்துவேனிய மொழியில் ‘தௌதா’ என்றால் இன்றும் தேசம், மக்கள். பழைய ஐரிஷில் ‘தூஆத்’ என்றால் குடி, சிறு அரசு. இந்தத் ‘தெயுதோ’வோடு ‘இஸ்க்’ என்ற விகுதி சேர்ந்தது. ‘இங்கிலிஷ்’, ‘ஸ்பானிஷ்’ என்று ஆங்கிலச் சொற்களின் முடிவில் ‘இஷ்’ வருகிறதே, அதே விகுதிதான். ஆக, ‘தெயுதிஸ்க்’ என்றால் மக்களைச் சேர்ந்தது, மக்களுடையது.

அந்த வேரைப் பெயர்களிலும் பார்க்கலாம். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியை ஆண்ட கோத் அரசன் தியோடோரிக்கின் பெயருக்கு ‘மக்களின் அரசன்’ என்று பொருள். அதே பெயர்தான் ஜெர்மனில் டீட்ரிக் ஆனது, டச்சில் டிர்க் ஆனது, ஆங்கிலத்தில் டெரெக் ஆனது. (தியோடர் என்ற பெயரை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது கிரேக்கம், ‘கடவுளின் கொடை’ என்று பொருள். ஓசை ஒன்றுபோல இருப்பது தற்செயல்.)

எழுத்தில் இந்தச் சொல் முதலில் கிடைப்பது 4ஆம் நூற்றாண்டில். வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோத்திய மொழிக்குக் கொண்டுபோனபோது, ‘புறவினத்தாரைப் போல’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக இதன் வினையடை வடிவத்தைப் பயன்படுத்தினார். அப்போது அது எந்த ஒரு நாட்டாரையும் குறிக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. 786இல் அது லத்தீன் உடை போட்டுக்கொண்டு மறுபடி தலைகாட்டுகிறது. ஒஸ்தியாவின் ஆயரான ஜார்ஜ், போப் முதலாம் ஹேட்ரியனின் தூதராக இங்கிலாந்து போய், அங்கு நடந்த திருச்சபைக் கூட்டங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். எல்லோரும் புரிந்துகொள்ளும்படி முடிவுகளை லத்தீனிலும் ‘தியோடிஸ்க்’ மொழியிலும் வாசித்தோம் என்பது அவர் குறிப்பு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கூட்டம் நடந்தது இங்கிலாந்தில். அங்கே கூடியிருந்தவர்கள் பேசியது பழைய ஆங்கிலம். ஆக, பின்னாளில் ‘டச்சு’ ஆகவும் ‘டாய்ச்’ ஆகவும் மாறப்போகிற சொல், லத்தீன் ஏட்டில் முதன்முதலாகக் குறித்தது ஆங்கிலத்தை!

813இல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கத்தை, லத்தீனிலிருந்து கிளைத்த நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ தியோடிஸ்க் மொழியிலோ செய்யுங்கள், அப்போதுதான் சொல்வது எல்லோருக்கும் விளங்கும் என்று தீர்மானம் போட்டார்கள். 842இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இன்னும் சுவையான ஒரு காட்சி. பேரரசர் சார்லமேனின் பேரன்மார் இருவர், லூயியும் சார்லஸும், தங்கள் மூத்த சகோதரனுக்கு எதிராக ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகப் படைகளின் முன்னிலையில் சத்தியம் செய்தார்கள். கிழக்கை ஆண்ட லூயி, தம்பியின் படைக்குப் புரிய வேண்டும் என்று ரோமானிய மொழியில் சொன்னார். மேற்கை ஆண்ட சார்லஸ், அண்ணனின் படைக்குப் புரிய வேண்டும் என்று தியோடிஸ்க் மொழியில் சொன்னார். அந்தச் சத்திய வாசகங்கள் இரு மொழிகளிலும் அப்படியே பதிவாகி இன்றும் இருக்கின்றன.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ‘தியோடிஸ்க்’ என்று எழுதியவர்கள் அதை ஓர் இனத்தின் பெயராக நினைக்கவே இல்லை. படித்தவர்களின் லத்தீன் ஒரு பக்கம், சாதாரண ஜனங்கள் வாயில் புழங்கும் பேச்சு இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதற்கான பெயர்தான் அது. நம் வாயில் வரும் ‘மக்கள் மொழி’ என்ற தொடரைப் போன்றது. மொழிக்கு வந்த பெயர் மெல்ல மெல்ல அதைப் பேசுபவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தமிழ் என்ற மொழிப் பெயரிலிருந்து தமிழர் என்ற மக்கள் பெயர் வந்ததை அறிந்த நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல. மலையை, ஆற்றை, அரசனை வைத்துப் பெயர் பெற்ற மக்கள் உண்டு. பேச்சை வைத்துப் பெயர் பெற்றவர்கள் இவர்கள்.

இதற்கு எதிர்ச்சொல்லும் இருந்தது. ரோமானிய, கெல்ட்டியப் பேச்சுக்காரர்களை ஜெர்மானியர்கள் ‘வல்ஹ’ என்றார்கள். நம் பேச்சு பேசாத அயலார் என்று பொருள். பிரிட்டன் தீவின் மேற்கில் அந்தச் சொல்தான் வேல்ஸ் ஆனது. பெல்ஜியத்தின் பிரெஞ்சுப் பேச்சுக்காரர்கள் வலூனியர் ஆனார்கள். ருமேனியாவின் தென்பகுதி வலாக்கியா ஆனது. ஸ்லாவ் மக்கள் இதே வேலையை ஜெர்மானியர்களுக்குச் செய்தார்கள். ரஷ்ய மொழியில் ஜெர்மானியருக்குப் பெயர் ‘நெமெத்ஸ்’. அது ஊமை என்ற சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் புரியாத பேச்சைப் பேசுகிறவன் பேச்சே இல்லாதவன் என்ற கணக்கு.

சரி, ‘தெயுதிஸ்க்’ எப்படி ‘ட’வில் தொடங்கும் சொல் ஆனது? ஐரோப்பியப் பெருநிலத்தில் 8ஆம் நூற்றாண்டு முதல் ஓர் ஒலிமாற்றம் பரவியது. நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதும் ‘த’ ஒலி, ‘ட’ ஆனது. இங்கிலாந்துக்கு அந்த மாற்றம் போகவில்லை. ஆங்கிலத்தில் மூன்றுக்கு ‘த்ரீ’, ஜெர்மனில் ‘ட்ரை’, டச்சில் ‘ட்ரீ’. ஆங்கிலத்தில் பொருளுக்கு ‘திங்’, மற்ற இரண்டிலும் ‘டிங்’. அதே வழியில் தெயுதிஸ்க் தெற்கே ‘டியூடிஸ்க்’ ஆகி, பிறகு ‘டாய்ச்’ ஆனது. வடமேற்கில், ஆறுகள் கடலில் விழும் சமவெளியில், ஃபிளாண்டர்ஸ் பக்கம் ‘டீட்ச்’ என்றும், ஹாலந்து பக்கம் ‘டூட்ச்’ என்றும் ஒலித்தது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் இத்தாலியர்கள் லத்தீன் வடிவத்தை எடுத்து ‘தெதெஸ்கோ’ ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் இத்தாலியில் ஜெர்மானியருக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்துக்கும் சொந்தமாக இந்தச் சொல் இருந்தது. அது வழக்கொழிந்து போய்விட்டது.

சொந்தச் சொல்லை இழந்த ஆங்கிலம், அதையே கடல் கடந்து கடனாக வாங்கியது. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் கம்பளி ஃபிளாண்டர்ஸுக்கும் பிரபாண்டுக்கும் போய்த் துணியானது. வியாபாரிகளும் நெசவாளர்களும் மாலுமிகளும் போய் வந்தார்கள். ‘நாங்கள் பேசுவது டூட்ச்’ என்று அவர்கள் சொன்னதை ஆங்கிலேயர்கள் ‘டச்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் பார்வையில் ஆம்ஸ்டர்டாம் முதல் வியன்னா வரை பேசப்பட்டதெல்லாம் ‘டச்’. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் தெற்கு மலைப்பகுதிப் பேச்சை ‘மேட்டு டச்’ என்றும், கடலோரச் சமவெளிப் பேச்சை ‘தாழ் டச்’ என்றும் சொன்னார்கள். இங்கே மேடு, தாழ்வு என்பது நிலத்தின் உயரத்தைத்தான் குறிக்கிறது. மதிப்பைக் குறிக்கவில்லை.

நெதர்லாந்துக்காரர்கள் அப்போது என்ன சொல்லிக்கொண்டார்கள்? இதற்குச் சிமோன் ஸ்டெவினைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1548இல் புரூக நகரில் பிறந்த கணித மேதை அவர். பதின்மப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பியவர். 1586இல் எடையியல் பற்றி அவர் எழுதிய நூலின் முன்னால் தன் தாய்மொழியின் பெருமையைப் பேசும் ஒரு நீண்ட உரை இருக்கிறது. அறிவியலுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி இல்லை என்று வாதாடுகிறார். அந்த மொழிக்கு அவர் சொல்லும் பெயர் ‘டௌட்ச்’. 1600இல் லைடன் நகரில் பொறியாளர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கியபோது பாடத்திட்டத்தை வகுத்தவரும் அவர்தான். அதன் பெயர் ‘டௌட்ச் கணிதம்’. பல்கலைக்கழகத்தில் பாடமொழி லத்தீன். இந்தப் பள்ளியில் மக்கள் மொழி. 813இல் ஆயர்கள் எந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லை எழுதினார்களோ, ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே அர்த்தம் உயிரோடு இருந்தது! ஸ்டெவின் அத்தோடு நிற்கவில்லை. கணிதத்துக்கு மக்கள் மொழியிலேயே ஒரு சொல் படைத்தார். ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயரை வைத்திருக்க, டச்சில் கணிதம் ‘விஸ்குண்டே’. உறுதியாக அறிவது என்று பொருள். அது அவர் போட்ட வித்து. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

இன்னொரு சாட்சி நெதர்லாந்தின் தேசிய கீதமே. ஸ்பெயின் மன்னருக்கு எதிரான கிளர்ச்சியை நடத்திய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தானே பேசுவதாக அமைந்த பாடல் அது. 16ஆம் நூற்றாண்டில் பிறந்தது, 1932இல் அதிகாரப்பூர்வ கீதமானது. அதன் தொடக்கத்திலேயே, நான் ‘டௌட்ஸ்’ இரத்தத்தில் பிறந்தவன் என்கிறார் வில்லியம். இன்றைய டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு ஜெர்மன் என்பது மட்டுமே பொருள். நெதர்லாந்தின் தேசிய கீதத்தில் ஜெர்மன் இரத்தமா என்று முதல்முறை கேட்பவர்கள் திகைக்கிறார்கள். வில்லியம் பிறந்தது இன்றைய ஜெர்மனியில் உள்ள டில்லன்பூர்க்கில்தான். ஆனாலும் பாட்டு எழுந்த காலத்தில் அந்தச் சொல் எல்லைக்கோட்டின் இரு பக்கத்துக்கும் பொதுவானது. ஏன், அந்த எல்லைக்கோடே அப்போது இல்லை.

கோடு விழுந்தது அரசியலால். 1581இல் வட மாகாணங்கள் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை ஏற்க மறுத்துப் பிரகடனம் வெளியிட்டன. 1648இல் முன்ஸ்டர் உடன்படிக்கையில் ஸ்பெயின் அவற்றின் விடுதலையை ஒப்புக்கொண்டது. தனி நாடானவர்களுக்குக் கிழக்கே இருப்பவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘நேடர்லாண்ட்ஸ்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. நேடர் என்றால் தாழ்ந்த, கீழே உள்ள. ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆறுகளின் கழிமுகத்துத் தாழ்நிலங்கள். கொஞ்ச காலம் ‘நேடர்டௌட்ஸ்’, அதாவது தாழ்நிலத்து மக்கள் மொழி, என்றும் சொல்லிப் பார்த்தார்கள். 1584இல் வந்த முதல் அச்சு இலக்கணத்தின் தலைப்பில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. பிறகு அதுவும் தேய்ந்து, ‘நேடர்லாண்ட்ஸ்’ என்பதே மொழிக்கும் மக்களுக்கும் நிலைத்தது. பழைய பெயரின் தடம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் மிச்சம் இருக்கிறது. அங்குள்ள பெரிய சீர்திருத்தத் திருச்சபை ஒன்றின் ஆப்பிரிக்கான்ஸ் பெயரில் இன்றும் ‘நேடர்டௌட்ஸ்’ என்ற சொல் உண்டு.

இங்கேதான் இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. நெதர்லாந்துக்காரர்கள் தங்களுக்குப் புதுப்பெயரை எடுத்துக்கொண்டு, பழைய ‘டௌட்ஸ்’ஐக் கிழக்கே இருந்த ஜெர்மானியருக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஆங்கிலேயர்களோ ஜெர்மானியருக்கு லத்தீனிலிருந்து ‘ஜெர்மன்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து, பழைய ‘டச்’சை வாசலுக்கு எதிரே இருந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தினமும் பார்த்த ‘டச்’ ஆட்கள் இவர்கள்தானே. 17ஆம் நூற்றாண்டில் கடலில் போட்டியும் இவர்களோடுதான். 1652க்கும் 1674க்கும் இடையில் மட்டும் மூன்று போர்கள். எதிரியின் பெயர் நாக்கில் ஆழமாகப் பதிந்துவிட்டது. குடித்துவிட்டு வரும் துணிச்சலை ஆங்கிலத்தில் ‘டச்சு வீரம்’ என்பதெல்லாம் அந்தப் பகைமையின் சாயல் படிந்த வழக்குகள்.

‘பென்சில்வேனியா டச்சு’ என்று அமெரிக்காவில் ஒரு சமூகம் இருக்கிறது. தவறாகக் காதில் வாங்கிய கதைக்கு இவர்களைத்தான் பெரும்பாலும் ஆதாரம் காட்டுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பெரும்பாலும் தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து, குடியேறியவர்கள் அவர்கள். ‘டாய்ச்’ என்றதை அமெரிக்கர்கள் ‘டச்’ என்று கேட்டுவிட்டார்களாம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘டச்’ என்ற சொல் ஜெர்மானியரையும் சேர்த்தே குறித்தது என்பதைப் பார்த்துவிட்டோம். பழைய பொருள் அங்கே உறைந்துபோய் நிற்கிறது, அவ்வளவுதான். அவர்கள் தங்கள் பேச்சைச் சொல்லும் பெயர் ‘டைட்ச்’. அதுவும் அதே சொல்தான்.

ஹாலந்துக்கு வருவோம். அது நாட்டின் பெயர் அல்ல. பன்னிரண்டு மாகாணங்களில் இரண்டுக்கு, வட ஹாலந்து, தென் ஹாலந்து என்று, அந்தப் பெயர். 1840 வரை இரண்டும் ஒன்றாக இருந்தன. சொல்லின் மூலம் ‘ஹோல்ட்லாண்ட்’, மரக்காட்டு நிலம். குழிவான நிலம் என்று சிலர் சொல்வது ஓசையை வைத்துச் செய்த ஊகம். ஒரே ஒரு முறை, 1806 முதல் 1810 வரை, நெப்போலியனின் தம்பி லூயி ஆண்ட காலத்தில், நாடே ‘ஹாலந்து இராச்சியம்’ எனப்பட்டது. மற்றபடி பகுதியின் பெயரை முழுமைக்குச் சொல்வதுதான். ஃப்ரீஸ்லாந்துக்காரரையோ லிம்பர்க்காரரையோ ஹாலந்துக்காரர் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை, அது நியாயமும்தான். 2020 ஜனவரியிலிருந்து நெதர்லாந்து அரசும் வெளிநாட்டு விளம்பரங்களில் ‘ஹாலந்து’ என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் ஆசியா அவர்களை ஹாலந்து வழியாகத்தான் அறிந்தது. 1602இல் உருவான அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். அவற்றில் ஐந்து ஹாலந்து நகரங்களில் இருந்தன. மிடில்பர்க்கில் இருந்த ஒன்று மட்டும் சீலாந்து மாகாணத்தைச் சேர்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்கு முன்பே போர்த்துகீசியர்கள் ஆசியக் கடலோரங்களில் ஒரு நூற்றாண்டு புழங்கியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களை அவர்கள் ‘ஒலாந்தா’ நாட்டார் என்றார்கள். போர்த்துகீசிய மொழியில் எழுத்தில் வரும் ‘ஹ’ ஒலிப்பதில்லை. ‘ஹ’ இல்லாத அந்த வடிவம் நேராகத் தமிழுக்குள் வந்து ஒல்லாந்தர் ஆனது. மலையாளத்தில் லந்தக்கார், சிங்களத்தில் லந்தேசி, மலாய் மொழியில் பெலண்டா, ஜப்பானில் ஓரண்டா. எல்லாம் ஒரே வாயிலிருந்து கிளம்பியவை. ஜப்பானியர்கள் ஓரண்டாவின் நடுத்துண்டை மட்டும் எடுத்து, அவர்கள் வழியாக வந்த மேற்கத்திய அறிவுக்கு ‘ரங்ககு’ என்று பெயரிட்டார்கள்.

1613இல் பழவேற்காட்டில் அவர்கள் எழுப்பிய கோட்டைக்கு வைத்த பெயர் கெல்ட்ரியா. அது ஹாலந்து அல்ல, கெல்டர்லாந்து என்ற வேறொரு மாகாணத்தின் நினைவு. அந்தக் கோட்டையில் வந்து இறங்கியவர்களையும் தமிழ் ஒல்லாந்தர் என்றே அழைத்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் அவர்கள் கையில் இருந்ததால், இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர் என்ற சொல் பாடப்புத்தகம் வரை வேரூன்றி நிற்கிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தின் வழியே வந்த ‘டச்சு’ அதைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது.

நான் எழுதும்போது வரலாற்றைப் பேசும் இடத்தில் ஒல்லாந்தர் என்றே எழுதுகிறேன். நாங்கள் அவர்களை நேரில் கண்டு பெயரிட்ட காலத்தின் சொல் அது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இன்றைய குடிமக்களைச் சொல்ல நெதர்லாந்து நாட்டவர் என்பது குழப்பமில்லாதது. மொழிக்கு டச்சு என்பதே போதும். ஆனால் டச்சு பேசும் எல்லோரையும் டச்சுக்காரர் என்று எழுதுவதில் மட்டும் கவனம் வேண்டும். பெல்ஜியத்தின் வடபாதியில் பெரும்பான்மையோர் பேசுவதும் இதே மொழிதான். 1980இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு மொழிக்கென்று ஒரு பொது அமைப்பையே நடத்திவருகின்றன. இருந்தாலும் அவர்கள் தங்களை ஃபிளமிஷ் மக்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.